கண்ணுக்குள் வாயுவா, சிலிக்கான் ஆயிலா?

விழித்திரை விலகிய கண்ணுக்கு விட்ரெக்டமி எனும், கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றும் அறுவைச் சிகிச்சைதான் வழி என்று மதுரையில் மருத்துவர் சொன்ன பிறகு, கீழக்கரையிலிருந்தோ பாம்பனிலிருந்தோ போயிருக்கும் குடும்பத்தின் முன் வரும் அடுத்த கேள்வி, கண்ணுக்குள் வாயு நிரப்புவதா, சிலிக்கான் ஆயில் விடுவதா என்பது. விழித்திரைக் கிழிசலைச் சுற்றி லேசர் வைத்த இடத்தில் தழும்பு உறுதிப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை கிழிசலை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பதே இரண்டுக்கும் வேலை. இரண்டுமே நீரைவிட எடை குறைந்தவை, மேல்நோக்கி மிதப்பவை. ஆகவே குப்புறப் படுப்பதோ, சாய்ந்து படுப்பதோ, மருத்துவர் சொன்ன நிலையைக் கடைப்பிடிப்பது இரண்டிலும் உண்டு. கண்ணின் கீழ்ப்பாதியில் உள்ள கிழிசல் இரண்டுக்குமே சிரமமானது.

வாயுவின் பெரிய நன்மை, அது தானே கரைந்துவிடும் என்பது. பயன்படும் வாயுக்களில் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு சுமார் இரண்டு வாரத்திலும், பெர்ஃபுளோரோபுரோப்பேன் ஆறு முதல் எட்டு வாரத்திலும் மறைந்து, அந்த இடத்தைக் கண்ணில் இயல்பாக ஊறும் நீரே நிரப்பிக்கொள்ளும். முதல் நாள்களில் அந்தக் கண்ணில் வெளிச்சமும் கையசைவும் தவிர ஒன்றும் தெரியாது. பிறகு பார்வை மேலிருந்து தெளியத் தொடங்கும்; குமிழியின் விளிம்பு, படகின் அடியில் தேங்கிய நீர்போலத் தலையை அசைக்கும்போதெல்லாம் ஆடி, நாளுக்கு நாள் கீழே இறங்கும்.

ஆனால் குமிழி இருக்கும்வரை விமானம் ஏறவே கூடாது. உயரே போகப் போக வாயு விரிந்து, கண்ணழுத்தம் ஏறி, விழித்திரைக்கு இரத்தம் போவது தடைபட்டு, பார்வை நிரந்தரமாகவே போகலாம். விடுமுறையில் வந்து துபாய்க்குத் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் கீழக்கரைக்காரர், இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானல் பயணமும் அவ்வாறே ஆபத்தானது. மதுரையிலிருந்து கடற்கரைக்கு இறங்கி வருவதில் அந்தப் பயமில்லை. வேறு ஏதேனும் சிகிச்சைக்கு மயக்க மருந்து தர நேர்ந்தால், நைட்ரஸ் ஆக்ஸைடு எனும் மயக்க வாயு குமிழியை விரிக்கும் என்பதால், கண்ணில் வாயு இருப்பதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

ஆயில் விரிவதில்லை, விமானத்துக்குத் தடையில்லை. அதன் ஊடாகவே மங்கலாகப் பார்க்கலாம், பவர் மாறுவதால் பிளஸ் கண்ணாடி தேவைப்படும். தழும்புச் சவ்வு படர்ந்த பழைய விலகல், மிகப் பெரிய கிழிசல், சொன்ன நிலையில் படுக்க முடியாத குழந்தை, மற்ற கண்ணில் பார்வையே இல்லாதவர் ஆகியோருக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இதை நாடுகிறார்கள். எனினும் ஆயில்தான் பலம் என்று ஊரில் சொல்வது அப்படியே சரியன்று: தழும்புச் சவ்வு உள்ள கண்களில் அமெரிக்காவில் நடந்து 1992-இல் வெளியான சிலிக்கான் ஆய்வில், ஆயில் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடை விஞ்சியது, பெர்ஃபுளோரோபுரோப்பேனோடு ஒப்பிட்டபோது பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது ஆயிலை எடுக்கும் இரண்டாவது அறுவை. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அதை எடுக்கிறார்கள். கண் வலிக்கவில்லை, ஏதோ தெரிகிறது என்று கடலுக்குத் திரும்பியவர் அதை மறந்துபோனால், ஆயில் நுண்துளிகளாகச் சிதறிக் கண்ணழுத்தத்தை ஏற்றும், புரை வளரும், கருவிழியும் கெடலாம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். ஒருநாள் தொழிலை விட்டுப் போவதன் சுமை எனக்குப் புரிகிறது. ஜனவரியில் ஆயில் வைத்த விசைப்படகுத் தொழிலாளி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அதை எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு வைக்கலாம்.

ஆகவே, சிக்கலில்லாத புதிய விலகலுக்கு, விமானப் பயணம் இல்லாதவருக்கு, வாயுவையே நான் முன்வைப்பேன். கடற்பாசி எடுக்க முங்கும் பெண்கள், எது வைத்திருந்தாலும் மருத்துவர் அனுமதிக்கும்வரை நீரில் இறங்கக் கூடாது. இறுதிப் பார்வையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அறுவைக்கு முன் மாக்குலா எனும் மையப்பகுதி விலகியிருந்ததா, எத்தனை நாள் விலகிக் கிடந்தது என்பதே. கண்ணில் மின்னல் வெட்டுவது போன்ற ஒளியோ, திடீர்க் கரும்புள்ளிகளோ, ஓரத்தில் விழும் திரையோ தென்பட்டால், எதை நிரப்புவது என்று யோசிக்கும் முன் அன்றே மதுரைக்குக் கிளம்ப வேண்டும்.