எஸ்எஸ்டி போட்டால் கேம் வேகமாக ஓடுமா?

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ கணினிக் கடைக்குப் போகும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் கூடுமா?" கூடாது. எஸ்எஸ்டி கோப்புகளைச் சேமித்து வைக்கும் கருவி மட்டுமே; எஃப்பிஎஸ்ஸை, அதாவது திரையில் ஒரு செக்கனுக்கு எத்தனை பிரேம் (படம்) வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை கிராபிக்ஸ் கார்டும் புரொசஸரும். 40 பிரேமில் ஓடிய கேம் எஸ்எஸ்டி போட்ட பிறகும் 40 பிரேமில்தான் ஓடும். ஆனாலும் பழைய வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) விளையாடுகிற எவருக்கும் முதலில் எஸ்எஸ்டி வாங்கச் சொல்லித்தான் நான் வாதாடுவேன்.

வன்தட்டுக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. பல மடிக்கணினிகளில் 5400 முறைதான். கேட்ட கோப்பு இருக்கும் இடத்துக்கு, அதைப் படிக்கும் முள் நகர வேண்டும், பிறகு அந்த இடம் சுற்றி முள்ளுக்குக் கீழே வர வேண்டும். இதற்கே ஒவ்வொரு முறையும் 12 மில்லிசெக்கன் அளவில் போய்விடும். செக்கனுக்கு எண்பது, நூறு தேடலுக்கு மேல் அதனால் முடியாது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டியே செக்கனுக்குப் பல ஆயிரம் தேடல்களைச் செய்து முடிக்கும். இன்றைய கேம்கள் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்குமிங்குமாகக் கேட்பவை. வன்தட்டு மூச்சுத் திணறுவது அங்கேதான்.

கல்லடியில் அக்காவின் மகன் வன்தட்டில் பப்ஜி விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாரசூட்டில் இறங்கிவிட்டான்; கண்முன்னே இருந்த வீடோ கதவும் ஜன்னலும் இல்லாத களிமண் கட்டியாக நின்றது. கதவு தெரிய வருவதற்குள் எதிரிகள் உள்ளே புகுந்து துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். "மாமா, என்னுடைய கணினியில் மட்டும் ஏன் இப்படி?" என்றான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் 100 வீதத்தில் நின்றது; கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைகூட இல்லாமல் சும்மா இருந்தது. சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகு சராசரி பிரேம் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவன் தரையில் கால் வைக்கும்போது வீடு வீடாகவே நிற்கிறது. ஜிடிஏ 5 போன்ற பெரிய வரைபடக் கேம்களில் வேகமாகக் கார் ஓட்டும்போது திக்கித் திக்கி நகர்வதும் இதே காரணத்தால்தான் குறைகிறது. சராசரியை மட்டும் பார்த்து "எந்த மாற்றமும் இல்லை" என்று சொல்பவர்கள் இந்தத் திக்கலைக் கணக்கில் எடுப்பதில்லை. விளையாடுகிறவனின் எரிச்சல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

லோடிங் நேரம் எல்லாமே டிஸ்க்கின் தலையில் கட்டக்கூடியதும் அல்ல. ஜிடிஏ ஆன்லைன் பல நிமிடம் லோடாகிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், ஒரு பெரிய பட்டியலை மோசமான முறையில் படிக்க வைத்து புரொசஸரைத் திணறடித்த நிரல். 2021இல் ஒரு புரோகிராமர் அதைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது, அவருடைய கணினியில் லோடிங் நேரம் சுமார் 70 வீதம் குறைந்தது. பிறகு நிறுவனமே அந்தத் திருத்தத்தை வெளியிட்டது. அங்கே எந்த எஸ்எஸ்டியும் அவ்வளவு உதவியிருக்காது.

அடுத்தது, சாட்டா எஸ்எஸ்டியா, அதைவிட வேகமான புதிய வகையான என்விஎம்இயா? தாளில் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: சாட்டா செக்கனுக்கு 550 மெகாபைட், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500, நான்காம் தலைமுறை 7000. கேமுக்குள் போனால் பெரும்பாலும் ஓரிரு செக்கன் வித்தியாசம்தான், ஏனென்றால் சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும் வேலையைப் புரொசஸர்தான் செய்கிறது. அந்தத் தடையை நீக்க வந்த டைரக்ட்ஸ்டோரேஜ் தொழில்நுட்பத்தை முதலில் பயன்படுத்திய கணினி கேம் ஃபார்ஸ்போக்கன். அது 2023 ஜனவரியில்தான் வெளிவந்தது. இன்னும் அத்தகைய கேம்கள் கொஞ்சம்தான். போதாக்குறைக்கு நம் ஊர் மே மாதப் பகல் வெக்கையில், ஏசி இல்லாத அறையில், வேகமான என்விஎம்இ சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே விலை என்றால் என்விஎம்இ எடுங்கள். கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

உண்மையான போட்டி ரேமுடன்தான். ஏற்கனவே எஸ்எஸ்டி இருந்து, ரேம் ஒற்றை 8 ஜிபி என்றால், அடுத்த காசு இன்னொரு 8 ஜிபிக்குப் போகட்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் இரட்டை ரேம் பிரேம் எண்ணிக்கையையே உயர்த்தும். எஸ்எஸ்டி செய்யாத வேலை அது. வன்தட்டு மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வரிசை மாறும்: முதலில் எஸ்எஸ்டி, பிறகுதான் ரேம். ஸ்டார்ஃபீல்ட், சைபர்பங்க் 2077 போன்றவை 2023இல் இருந்து குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டியைக் கேட்கின்றன.

வாங்கும்போது மதர்போர்டைக் கையோடு பார்க்கச் சொல்லுங்கள். டிடிஆர் 3 ரேம் காலத்துப் பழைய போர்டுகளில், சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடமே பெரும்பாலும் இருக்காது, சில எம்.2 இடங்கள் சாட்டாவை மட்டுமே ஏற்கும். 256 ஜிபி வேண்டாம். விண்டோஸும் ஒரு பெரிய கேமும் ஏறினாலே அது நிரம்பிவிடும், நிரம்பிய எஸ்எஸ்டி வேகம் இழக்கும். 512 ஜிபியில், உத்தரவாதச் சீட்டுடன் எடுங்கள்.

பழைய வன்தட்டைக் கழற்றி வீசிவிடாதீர்கள். இரவு நேர டேட்டாவைப் பார்த்துப் பார்த்து இறக்கிய 100 ஜிபி கேமை, இப்போது விளையாடவில்லை என்று அழித்தால் மறுபடியும் எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும்! அதை வன்தட்டில் போட்டு வையுங்கள். கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலியில், நிறுவிய இடத்தை மாற்றும் வசதி இருக்கிறது. விளையாட நினைக்கும் நாளில் எஸ்எஸ்டிக்கு நகர்த்தினால் கால் மணி, அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.