அட்டையில் 1960, உள்ளே 1990கள்: லண்டனில் பழைய லெதர் ஜாக்கெட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கிழக்கு லண்டனில் விண்டேஜ் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களுக்கு லெதர் ஜாக்கெட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 1960களின் பைக் ஜாக்கெட் என்று சொல்லி, 90களின் பிற்பகுதியில் தைத்த ஒன்றை 280 பவுண்டுக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். தெரியாமல் நடந்தது என்று விட்டுவிட முடியாது. பழையதாகக் காட்ட வேண்டும் என்றே பொறுமையாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த வேலை யார் கையில் நடந்திருந்தாலும் விற்றது அந்தக் கடை, பதில் சொல்ல வேண்டியதும் அந்தக் கடைதான்.

இந்த ஜாக்கெட்டுகளுக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். 50களிலும் 60களிலும் நார்த் சர்குலர் சாலையில் இருந்த ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய பைக் இளைஞர்கள் போட்ட உடுப்பு இது. கிரேட் போர்ட்லண்ட் தெருவில் கடை வைத்திருந்த லூயிஸ் லெதர்ஸ் மாதிரியான பெயர்களின் அந்தக் கால ஜாக்கெட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் பல நூறு பவுண்ட் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அதே கறுப்பு நிறம், அதே வெட்டு, ஆனால் முப்பது வருஷம் பிந்தியது என்றால், தொண்டு நிறுவனங்கள் பழைய பொருள் விற்கும் சாரிட்டி ஷாப்பில் நாற்பது பவுண்டுக்கே கிடைத்துவிடும். மோசடிக்கு இடம் கொடுப்பது இந்த விலை வித்தியாசம்தான்.

கடைக்காரர் நன்றாகவே பேசினார். முன்பக்க ஜிப்பை இழுத்து, அதில் ‘லைட்னிங்’ என்று பொறித்திருப்பதைக் காட்டினார். அது பழைய பிரிட்டிஷ் ஜிப். பிறகு கழுத்துக்குக் கீழே இருந்த லேபிளைக் காட்டினார். முகவரியில் ‘லண்டன் டபிள்யூ 1’ என்று மட்டும்தான் இருக்கிறது, முழு அஞ்சல் குறியீடு இல்லை, அதனால் இது 70களுக்கு முந்தையது என்றார். முழுக் குறியீடு 1974 வாக்கில்தான் நாடு முழுக்க வந்து முடிந்தது. அவர் சொன்ன விவரம் எல்லாம் சரி. ஜிப்பும் அசல், லேபிளும் அசல். அவை இரண்டும் வேறொரு ஜாக்கெட்டில் இருந்து பிரித்து எடுத்தவை, அவ்வளவுதான்.

அக்குள் பக்கம் லைனிங் விட்டிருந்ததால் ஈஸ்ட் ஹாமில் தோல் வேலை பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணரிடம் கொடுத்தேன். கைப்பகுதி லைனிங்கைப் பிரித்தவர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இதைப் பாருங்கோ. முழங்கைக்குப் பேட் வைக்கிற பை. வாயில வெல்க்ரோ.” அந்தப் பையின் வாயைக் கறுப்பு நூலால் மூடித் தைத்து மேலே லைனிங்கை இழுத்துவிட்டிருந்தார்கள். 60களின் பைக் ஜாக்கெட்டில் கழற்றி மாட்டும் பேடுக்கு வெல்க்ரோ பை வைத்துத் தைக்கும் வழக்கமே கிடையாது.

அப்புறம் இடது உள்பையை வெளியே இழுத்தார். அடித் தையலில் நகம் அகலத்துக்கு ஒரு வெள்ளை டேக். மற்ற டேக்குகளை எல்லாம் வெட்டியவர்கள் கண்ணில் இது படவில்லை. இறக்குமதி செய்தவரின் தொலைபேசி எண் 0181 என்று தொடங்கியது. லண்டனில் இருப்பவர்களுக்கு இதைவிடத் துல்லியமான நாட்காட்டி கிடையாது. 1990 மே வரை லண்டன் முழுவதற்கும் 01. பிறகு 071, 081 என்று பிரிந்தது. 1995 ஏப்ரலில் அவை 0171, 0181 ஆயின. 2000 ஏப்ரலில் எல்லாம் 020க்குள் போய்விட்டன. ஆக, அந்த டேக் அச்சான காலம் அந்த ஐந்து வருஷத்துக்குள்தான்.

உடனே அந்த அண்ணர் லேபிளைச் சுற்றி டார்ச் அடித்துக் காட்டினார். இதை மட்டும் எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள். துணியில் தையலைப் பிரித்தால் இழைகள் மறுபடி நெருங்கி, நாளடைவில் துளை மறைந்துவிடும். தோலில் ஒருமுறை ஊசி இறங்கினால் அந்தத் துளை அப்படியே இருக்கும். லேபிள் தைத்திருந்த தோல் பட்டையில், இப்போதைய தையலுக்கு வெளியே, நூலே இல்லாத இன்னொரு வரிசைத் துளைகள் பெரிய செவ்வகமாக ஓடின. முன்பு அங்கே இருந்த லேபிள் இதைவிடப் பெரியது. ஜிப் ஓரத்திலும் அதே கதை, இரண்டு வரிசைத் துளைகள். கடையிலேயே தோலை மெதுவாக மடித்து போன் வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஜிப்பில் மட்டும் இரட்டைத் துளை என்றால் பயப்பட வேண்டாம், அசல் ஜாக்கெட்டிலும் ஜிப் உடைந்தால் மாற்றுவது சகஜம். லேபிளிலும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஜிப்பின் பெயரை மட்டும் வைத்துக் காலம் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பழைய டாலன், லைட்னிங் ஜிப்புகள் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. முன்பக்க ஜிப் ஒரு பெயர், கை ஜிப் வேறு பெயர், பை ஜிப் இன்னொரு பெயர் என்றால் ஏன் என்று கேளுங்கள். தேய்மானத்தையும் பாருங்கள். போட்டுத் தேய்ந்தது என்றால் மணிக்கட்டு, பை வாய், காலர் மடிப்பு, முழங்கை உள்மடிப்பு என்று ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதமாக வெளுத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது எல்லா ஓரத்திலும் ஒரே சீராக இருக்கும்.

அமெரிக்கச் சரக்கிலும் இதே ஆட்டம்தான். ராணுவ விமானிகளுக்காக 1931இல் வந்த ஏ-2 ஜாக்கெட்டை இரண்டாம் உலகப் போர்க்காலத்து அசல் என்று விற்பார்கள். அசல் ஏ-2வில் மூடி வைத்த இரண்டு வெளிப் பைகள் மட்டுமே. பக்கவாட்டில் கையை நுழைக்கிற வழி இருந்தால் அது பிற்காலத்தது. லேபிளில் ‘ஆர்.என்.’ என்ற அமெரிக்க அரசுப் பதிவு எண் இருந்தாலும் போர்க்காலக் கதை பொய், அந்தப் பதிவு முறையே 1950களில்தான் வந்தது. அந்த எண் நிறுவனத்தின் அடையாளம் என்பதையும் மறக்க வேண்டாம், ஜாக்கெட் தைத்த வருஷத்தை அது சொல்லாது.

கடைக்குத் திரும்பப் போனபோது பேச்சே மாறிவிட்டது. “60களின் பாணி என்றுதான் சொன்னோம்” என்றார். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற பலகையைக் காட்டினார். என்னிடம் இருந்த விலை அட்டையில் அவர்கள் கைப்பட ‘1960கள்’ என்று எழுதியிருந்தது, பாணி என்ற சொல்லே இல்லை. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திராவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். எந்தப் பலகையும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

அதற்கும் அவர் மசியவில்லை. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்ததால் வங்கிக்குப் போனேன். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்ட் வரையிலான பொருளுக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கொடுத்த நிறுவனமும் கடையோடு சேர்ந்து பொறுப்பு. விலை அட்டை, டேக், துளை வரிசைகளின் படங்கள், தையல்கார அண்ணர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் அனுப்பினேன். பணம் வந்தது. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் வழியாக, கடைகளின் முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கும் புகார் போயிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்த வழி எனக்கு இல்லை.

அந்தக் கடையில் இன்றும் அதே கையெழுத்தில் அட்டைகள் தொங்குகின்றன. வாங்குவதென்றால் எந்தப் பத்தாண்டு, யார் தயாரிப்பு என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், விலை அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் லேபிள், ஜிப், உள்பையின் அடித் தையல் மூன்றையும் கிட்டத்தில் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.