999 என்று அடித்த வெள்ளிக் கட்டி, சோதித்தால் 91.8: வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஓர் எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டில் உருக்கிய வெள்ளிக் கட்டிகள் விற்பனைக்கு வந்தபடி இருக்கின்றன. நூறு கிராம், கால் கிலோ, அரைக் கிலோ என்று அளவு. முகத்தில் 999 என்று அடித்திருக்கும், அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி, 99.9 சதவீதம். கடையில் வாங்கினால் 3 சதவீதம் ஜி.எஸ்.டி., இங்கே அது மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். அந்த 999-ஐ அடிக்கும் எண் பஞ்ச் செட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாமான். அதை அடிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) ஹால்மார்க் என்பது வேறு: பதிவு பெற்ற வியாபாரி, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கொடுத்துப் போட்டு வாங்குவது. தங்கத்துக்கு அது கட்டாயம், வெள்ளிக்கு இன்னும் விருப்பம்தான். ஆகவே வீட்டுக் கட்டியில் இருக்கும் எண்ணுக்கு விற்பவர் வாய்ச்சொல்லுக்கு மேல் மதிப்பு கிடையாது.

இந்த வகைத் தகராறுகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வருகின்றன. அரைக் கிலோக் கட்டி. விற்றவர் பழைய தட்டு, கிண்ணம், கொலுசு எல்லாம் சேர்த்து உருக்கியவர். வாங்கியவர் சும்மா ஏமாறவில்லை. சோதனைச் சீட்டு கேட்டார். விற்றவர் கட்டியை ஒரு கடையில் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரத்தில் (எக்ஸ் கதிரை மேலே பாய்ச்சி எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டுவது) வைத்து, 98.6 சதவீதம் என்று வந்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். பணம் யு.பி.ஐ.யில் போனது. பிறகு குத்துவிளக்கு செய்யக் கொடுத்தபோது ஆசாரி துளை போட்டு, உள்ளிருந்து வந்த சீவலைச் சோதனைக்கு அனுப்பினார். 91.8. ஐந்நூறு கிராமில் 999-க்கும் 918-க்கும் இடையே 40.5 கிராம் வெள்ளி குறைகிறது. கணக்குக்காகக் கிராம் 200 ரூபாய் என்று வைத்தால் 8,100 ரூபாய். விற்றவர் 98.6 சீட்டை நீட்டுகிறார், வாங்கியவர் 91.8 சீட்டை நீட்டுகிறார், இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்கிறார்கள். இரண்டு சீட்டும் உண்மை என்பதுதான் இதில் சிக்கலே.

காரணம் மேல்தோல். செம்பு கலந்த வெள்ளியைக் காற்றுபடக் காய்ச்சினால் மேலே இருக்கும் செம்பு கறுத்து ஆக்சைடாகும். அதை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு வெளுக்கும்போது அந்தக் கறுப்பு கரைந்துவிடும், வெள்ளி கரையாது. இரண்டு மூன்று தடவை காய்ச்சி வெளுத்தால் கட்டியின் மேலே ஏறக்குறைய சுத்த வெள்ளித் தோல் ஒன்று உருவாகிவிடும். பளபளப்புக்காக எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான் இது. எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் வெள்ளியில் பார்ப்பது சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் ஆழம் வரைதான், அதாவது அந்தத் தோலைத்தான். இன்னொன்றும் உண்டு. கண்டுபிடித்த உலோகங்களைக் கூட்டி நூறாக்கிக் காட்டும்படிதான் பெரும்பாலும் அந்த இயந்திரத்தை அமைத்திருப்பார்கள். அதன் பட்டியலில் இல்லாத உலோகம் கட்டியில் இருந்தால் சீட்டில் வராது, வெள்ளியின் சதவீதம் ஏறித் தெரியும்.

ஆகவே எக்ஸ்.ஆர்.எஃப். சீட்டு வேண்டுமென்றால், கட்டியின் ஒரு மூலையை அரத்தால் ஒரு மில்லிமீட்டராவது ராவி, அந்த ராவிய இடத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ராவாத முகத்தில் எடுத்த சீட்டைத் தூய்மைக்கு ஆதாரமாக ஏற்காதீர்கள். சீட்டில் கட்டியின் எடையும் கட்டியில் அடித்த வரிசை எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாத சீட்டு எந்தக் கட்டிக்கு எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே சீட்டை நாலு கட்டிக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.

‘உருக்கியாச்சு, இனி சுத்தம்’ என்று மனதார நம்பி விற்பவர்களும் உண்டு. அது தவறு. வெண்காரம் போட்டு உருக்கினால் அழுக்கும் கொஞ்சம் ஆக்சைடும் கசடாக ஒதுங்கும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும், வெள்ளி உருகுவது 962 டிகிரி. அதனால் துத்தநாகத்தில் ஒரு பங்கு புகையாகப் போகும். செம்பு எங்கும் போகாது, அப்படியே கட்டிக்குள் இருக்கும். கொலுசு என்றால் ஒவ்வொரு சலங்கைக்கும் கண்ணிக்கும் பொடி (ஒட்டவைக்கும் பற்றாசு) வைத்து ஊதியிருப்பார்கள். அந்தப் பொடியில் செம்பும் துத்தநாகமும் உண்டு, சிலவற்றில் காட்மியமும் உண்டு. காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும். மூடிய அறையில் கொலுசு உருக்கவே கூடாது, வீட்டு அடுப்படியில் நினைத்தும் பார்க்கக் கூடாது.

நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, செம்புத் தகடு போட்டு வெள்ளியை இறக்குகிறவர்கள் இவர்களைவிட ஒரு படி மேல். இறங்கிய பொடியை நீலம் போகும் வரை நன்றாகக் கழுவினால் அது 99-ஐ ஒட்டி வரலாம். கழுவாமல் உருக்கினால் செம்பு திரும்பக் கட்டிக்குள் போய்விடும். மூன்று ஒன்பதுக்குப் பொதுவாக மின்பகுப்பு வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிமில் எடுத்தது, 999.9 என்று ஒருவர் சொன்னால், எந்த முறையில் சுத்தம் செய்தீர்கள் என்று கேளுங்கள். உண்மையாகச் செய்தவர் பத்து நிமிடம் பேசுவார்.

இனி வீட்டுச் சோதனைகள். காந்தத்தில் ஒட்டவில்லை, ஐஸ் சட்டென்று உருகியது என்று வீடியோ அனுப்புகிறார்கள். செம்பு, ஈயம், வெள்ளீயம், பித்தளை எதுவும் காந்தத்தில் ஒட்டாது. வெப்பம் கடத்துவதில் வெள்ளிக்கு 429 என்றால் செம்புக்கு 401. வெள்ளி முலாம் பூசிய செம்புக் கட்டியிலும் ஐஸ் அதே வேகத்தில் உருகும். இரும்பைக் கழித்துக்கட்ட மட்டும் காந்தம் உதவும்.

தண்ணீர் எடைச் சோதனை நல்லது, ஒழுங்காகச் செய்தால். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதலில் கட்டியை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நைலான் நூலில் கட்டியைத் தொங்கவிட்டு முழுக்க அமிழ்த்துங்கள். கட்டி அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு, சிசியில். கட்டியின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளி 10.49. 92.5 டச் (நூற்றில் வெள்ளியின் பங்கு) என்றால் 10.36. செம்பு கலந்த 80 டச் 10.14 பக்கம். 250 கிராம் கட்டிக்கு இது 23.83, 24.13, 24.65 சிசி என்று வரும். சுத்த வெள்ளிக்கும் 92.5-க்கும் வித்தியாசம் வெறும் 0.30. கட்டியின் அடியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலே கணக்கு கெட்டுப்போகும். இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, கட்டியை அசைத்துக் குமிழியைப் போக்குங்கள்.

நம்மூர் வெயிலுக்கு இன்னொரு திருத்தமும் வேண்டும். 30 டிகிரித் தண்ணீர் ஒரு சிசிக்கு 0.996 கிராம்தான், 35 டிகிரியில் 0.994. இதைச் சேர்க்காவிட்டால் அடர்த்தி 0.04 முதல் 0.06 வரை கூடித் தெரியும். சுத்த வெள்ளிக்கும் 92.5-க்கும் இடையே இருப்பதே 0.13. சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தால், 92.5 டச் கட்டி 95, 96 போலத் தோன்றும். வந்த அடர்த்தியை, தண்ணீர் 30 டிகிரி என்றால் 0.996-ஆல், 35 டிகிரி என்றால் 0.994-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

விற்பவருக்கு அநியாயம் நடப்பதும் இந்தச் சோதனையில்தான். உருகிய வெள்ளி தன் கன அளவைப்போல் சுமார் இருபது மடங்கு ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். உறையும்போது அதைத் துப்பும். மேலே கரிப்பொடி போடாமல், திறந்த குகையில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்கி, சில்லென்ற அச்சில் ஊற்றினால் உள்ளே பொத்தல் பொத்தலாக நின்றுவிடும். நூற்றுக்கு இரண்டு பங்கு பொத்தல் இருந்தால் சுத்த வெள்ளியே 10.28 காட்டும், வாங்கியவர் அதை 90 டச் கூட இல்லை என்பார். ஆகவே அடர்த்தி குறைந்தால் உடனே மோசடி என்று எழுதாதீர்கள். துளை போட்டுச் சீவலைச் சோதியுங்கள். அதேபோல் அடர்த்தி சரியாக இருப்பதாலேயே வெள்ளி என்றும் ஆகாது. ஈயம் 11.34, செம்பு 8.96. ஈயத்தை நடுவில் வைத்துச் செம்பால் மூடி, மேலே வெள்ளி முலாம் பூசினால் 10.49-ஐக் கொண்டுவந்துவிடலாம். இப்படிச் செய்பவரை மன்னிக்கவே முடியாது. தட்டினால் கணீரென்று வராமல் மட்டென்று வரும். துளை போட்டால் சாயம் வெளுக்கும்.

நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உப்புத் தண்ணீர் விட்டால் வெள்ளையாகத் திரளும் என்பது பலருக்கும் தெரியும். ஈயமும் அப்படித் திரளும். ஈயத்திரள் வெந்நீரில் கரையும், வெள்ளித்திரள் கரையாது. அம்மோனியாவில் வெள்ளித்திரள் கரையும், ஈயத்திரள் கரையாது. அம்மோனியா விட்ட கரைசலை அப்படியே வைத்துக் காயவிட்டால் வெடிக்கும் பொருள் உண்டாகும். சோதனை முடிந்த உடனே நீர்த்த அமிலம் விட்டு முறித்துவிடுங்கள். பழக்கமில்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

தகராறைத் தீர்க்கத் தகுந்தது அளவறி பகுப்பாய்வு: சீவலை அமிலத்தில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகத் தரம் பார்ப்பது. அதற்கும் சீவல் சரியாக எடுக்கப்பட வேண்டும். செம்பு கலந்த வெள்ளி உறையும்போது ஓரத்திலும் நடுவிலும் ஒரே டச்சில் உறையாது. 72 சதவீதத்துக்கு அருகே உள்ள கலவை ஒன்றுதான் இதற்கு விலக்கு. ஒரு மூலையில் மட்டும் துளை போட்டால் டச் சற்றுக் கூடியோ குறைந்தோ வரலாம். மேலே ஒரு மூலை, அதற்குக் குறுக்கே எதிர்மூலை அடியில், பிறகு நடுவில் என்று மூன்று இடத்தில், 2 அல்லது 3 மில்லிமீட்டர் பிட்டால், எண்ணெய் விடாமல் துளையிடுங்கள். முதலில் வரும் மேல்தோல் சீவலைத் தனியே ஒதுக்கிவிட்டு, ஆழத்துச் சீவலை மட்டும் சேருங்கள். பிட்டிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளைக் காந்தத்தால் எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட நல்ல வழி உருக்கும்போதே இருக்கிறது. குகையில் நன்றாகக் கலக்கி, ஊற்றுவதற்கு முன் ஒரு சின்னக் கரண்டியில் எடுத்துத் தண்ணீரில் சொட்டவிட்டால் மணி மணியாக விழும். அதுதான் முழுக் கட்டிக்கும் உண்மையான மாதிரி. மூன்று கவரில் இரண்டிரண்டு கிராம் போட்டு, ஒட்டி, வரிசை எண் எழுதி, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று விற்பவருக்கு, ஒன்று தகராறு வந்தால் மூன்றாவது சோதனைக்கு. இதைச் செய்யும் விற்பனையாளரிடம் கிராமுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

விற்பவர்கள் பயப்பட வேண்டியது கட்டி மாற்றத்தை. நல்ல கட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு கட்டியைத் திருப்பி அனுப்பி, ‘நீங்கள் கொடுத்தது இதுதான்’ என்பார்கள். உருக்கிய கட்டியின் மேல்முகத்தில் உறையும்போது விழும் குழியும் சுருக்கமும் மனிதக் கைரேகை போல ஒன்றுக்கொன்று மாறும். ஆறு முகத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள், தராசில் எடை தெரியும்படி ஒரு படம், வெர்னியர் வைத்து நீள அகல உயரம். திரும்பி வரும் பார்சலைத் திறப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். பார்சல் விஷயத்திலும் கவனம்: பல கூரியர்கள் விலையுயர்ந்த உலோகம் தொலைந்தால் பொறுப்பேற்பதில்லை. தபாலில் இன்சூர் செய்து அனுப்புங்கள், அல்லது நேரில் ஒப்படையுங்கள். வேலூர் லாங்கு பஜார் போலச் சோதனைக்கும் எடைக்கும் வசதியுள்ள இடத்தில் இருவரும் சந்தித்து, எதிரிலேயே துளை போட்டுப் பணம் மாற்றுவது மிகவும் பத்திரம்.

விலை பேசும்போது கட்டி விலை பேசாதீர்கள். சுத்த வெள்ளிக் கணக்கில் பேசுங்கள்: 500 கிராம், 91.8 டச், ஆக 459 கிராம் சுத்தம், இன்றைய விலை இவ்வளவு. பணம் போவதற்கு முன் வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதிக்கொண்டால் போதும்: எந்த முறையில் சோதனை, எந்த இடத்தில், சீவல் யார் முன்னிலையில், சொன்ன டச்சுக்குக் குறைந்தால் சுத்த வெள்ளி அளவில் பணம் திரும்ப வருமா அல்லது கட்டியே திரும்பப் போகுமா, சோதனைச் செலவு யாருடையது. எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள், எழுத மறுப்பவருக்கு விற்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கட்டியை உருக்காதீர்கள். உருக்கிய நிமிடமே வழக்கு போய்விடும். படங்கள், உரையாடல், யு.பி.ஐ. எண் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். விற்றவர் போனை அணைத்துவிட்டார் என்றால், பணம் போன அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினமாகிவிடும். அவர் தொழிலாக விற்பவர், நீங்கள் சொந்தத் தேவைக்கு வாங்கியவர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. மறுவிற்பனைக்கு வாங்கியிருந்தால் அந்தச் சட்டம் உங்களை நுகர்வோராகக் கருதாது, உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் துணைக்கு வரும்: விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. கட்டியில் அடித்த 999-உம், ‘999 சுத்தம்’ என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்தியும் அந்த விவரம்தான். பிரிக்காத மூன்றாவது கவர் இருந்தால் அதையும் நீதிமன்றத்திலேயே பிரியுங்கள்.