சைக்கிளா, நீச்சலா: ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முதலில் எது?

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினம் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். கிரிக்கெட், கால்பந்தை இங்கே சேர்க்கவில்லை. விதி, முறை வரும்வரை காத்திருப்பது, கூச்சல் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருப்பதால் முதல் படிக்கு அது தோதுப்படாது. மிச்சம் சைக்கிளும் நீச்சலும். எங்கள் ஓட்டு நீச்சலுக்கு.

சைக்கிளைக் குறைத்துச் சொல்ல முடியாது. செலவு ஒரு தடவைதான், வாசலிலேயே நடக்கும். பக்கச் சக்கரம் மட்டும் வேண்டாம். அதில் பழகினால் உடம்பு சாய்ந்து சமாளிக்கக் கற்றுக்கொள்ளாது. 15 எண் ஸ்பானரால் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இரு பாதமும் தரையில் முழுசாகப் பதியும் அளவுக்கு சீட்டை இறக்கி, காலால் உந்தி உருளவிட வேண்டும். பத்து எண்ணும்வரை கால் ஊன்றாமல் உருண்டால் பெடலை மாட்டலாம். சிக்கல் தெருவில்தான். லாரி ஹாரன் அடித்ததும் சத்தம் தாங்காத பிள்ளையின் கை இரண்டும் ஹேண்டிலை விட்டுக் காதுக்குப் போய்விடும்.

நீச்சலை முன்னால் வைப்பதற்குக் காரணம் உடற்பயிற்சிகூட இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் கண் மறைந்த நேரத்தில் வெளியே நழுவிவிடுகிறார்கள், பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. இரண்டும் சேரும் இடத்தில்தான் உயிர் போகிறது. அதனால் பார்க்க வேண்டியது எத்தனை மீட்டர் நீந்துகிறான் என்பதையல்ல, தவறி விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிக்கிறானா என்பதைத்தான்.

காற்றடைத்த கைப்பட்டை இதற்கு எதிரி. உடம்பைச் செங்குத்தாக நிறுத்திப் பழக்குவதோடு, தானே மிதப்பதாகப் பிள்ளையை நம்பவும் வைக்கும். கழற்றிய அன்று நேராக அடியில்தான். கிணற்றில் இடுப்பில் கட்டிவிடும் சுரைக்குடுக்கையே பரவாயில்லை, கையாவது வீசலாம்.

முதல் நாள் நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். அடுத்தது படியில் உட்கார்ந்து கால் நனைப்பது. பிறகு ஒரு குவளையால் தோள், கழுத்து, கடைசியாகத் தலை. ரப்பர் தொப்பி முடியை இழுக்கும் என்பதால் பல பிள்ளைகள் கத்துவார்கள். முடியை ஒட்ட வெட்டினால் தொப்பி கட்டாயமா என்று குளத்தில் கேட்டுப் பாருங்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் முழுக்கை நீச்சலுடை பெரும்பாலும் பிடித்துவிடும். மார்பளவு நீரில் ‘சுவரைப் பிடி’ என்ற ஒரே சொல். கோச் ஒன்று, அம்மா ஒன்று என்று சொல்லக் கூடாது. படியிலிருந்து குதி, திரும்பு, சுவரைப் பிடி, சுவரோரமாகவே நகர்ந்து படியேறு. இது படிந்த பிறகு, குளத்தில் அனுமதி வாங்கி, துவைத்த சட்டை பேண்ட்டோடு இதையே செய்யவையுங்கள். நனைந்த துணியின் கனம் பழகாத பிள்ளை திகைத்துப் போவான்.

பலர் கோட்டை விடும் இடம் வேறு. குளம் பிடித்துப்போனால் தண்ணீரைக் கண்டதும் குதிக்கும் பழக்கமும் கூடவே வரும். எனவே ஒவ்வொரு முறையும் படியில் உட்கார்ந்து, பெரியவர் ‘இறங்கு’ என்ற பிறகே இறங்க வேண்டும். விதிவிலக்கே கூடாது. நீச்சல் வந்துவிட்டது என்று வீட்டு சம்ப்பின் மூடியைப் பூட்டாமல் விடவும் கூடாது.

வெளியே வரும் நேரத்தில்தான் ரகளை. படியில் ஐந்து பிளாஸ்டிக் வளையம் வையுங்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒன்றை எடுத்து வாளியில் போடட்டும். ஐந்தும் தீர்ந்தால் துண்டு. ‘போதும் வா’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

2022 மார்ச் 20 அன்று ஆட்டிசம் உள்ள மும்பைச் சிறுமி ஜியா ராய் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை கடலில் 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினார். அதைப் பார்த்துக் கனவு வளர்ப்பது அவரவர் விருப்பம். இங்கே பேசுவது சுவர்வரை வருவதைப் பற்றி.

வலிப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சம்மதமும், கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவரும் இல்லாமல் இது வேண்டாம். பதின்வயதில்தான் தொடங்குபவர்களுக்கு இதே உறுதியோடு சொல்லத் தயக்கம் உண்டு: உடை மாற்றும் அறையின் கூச்சம், அவர்களைத் தாங்கும் அளவுக்குப் பலமுள்ள கோச் கிடைப்பது, இரண்டுமே சிரமம். வாரம் இரண்டு நாள் குளத்தால் 60 நிமிடக் கணக்கும் நேராகாது. மற்ற நாட்களுக்கும், மழைக்காலத்தில் குளம் மூடும் வாரங்களுக்கும், அந்தப் பெடல் கழற்றிய சைக்கிளை அதே நேரத்தில் எடுங்கள்.