டீமன் ஸ்லேயர் 23 தொகுதியும் 3,450 ரூபாய்க்கு என்று கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்

மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைப் புத்தகம், வாங்குகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கித் தருகிற பெற்றோர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். போன அக்டோபரில் ஓர் இணையச் சந்தையில் டீமன் ஸ்லேயர் முழு செட் வாங்கினேன். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை, ஆங்கிலப் பதிப்பு, 3,450 ரூபாய். வந்தது அத்தனையும் போலி. மாற்றிக் கேட்டேன், இன்னொரு போலி செட் வந்தது. பணம் கைக்கு வர ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான் இந்தக் கதையை முதலில் படித்தது போனில்தான். கொயோஹரு கொதோகே எழுதி வரைந்த முதல் தொடர் இது. 2016 பிப்ரவரியில் ஜப்பானின் ஷோனென் ஜம்ப் வார இதழில் ஆரம்பித்து 2020 மே மாதம் 205 அத்தியாயங்களோடு முடிந்தது. 2018 டிசம்பரில் வந்த ஷோனென் ஜம்ப் செயலி இந்தியாவிலும் கிடைத்ததால் என்னைப் போன்றவர்கள் வாராவாரம் அதிகாரபூர்வமாகவே படிக்க முடிந்தது. கரி விற்கப் போன கதாநாயகன் தஞ்சிரோ திரும்பி வரும்போது வீடே பிணக்காடாகக் கிடக்கிற அந்த முதல் அத்தியாயத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

2025 செப்டம்பரில் இதன் திரைப்படம் தமிழிலும் வந்தது இல்லையா, அதை அக்கா மகளோடு போய்ப் பார்த்தேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். படம் முடிந்து வெளியே வந்ததிலிருந்து அடுத்து என்ன நடக்கும் என்று ஒரே கேள்வி. "போன்ல படிச்சா அம்மா திட்டறாங்க மாமா, புக்கா வாங்கித் தாங்க" என்றாள். எனக்கும் ஆசைதான். போன் திரையில் இந்தத் தொடரைப் படிப்பதில் ஒரு பெரிய குறை உண்டு. இரண்டு பக்கத்துக்கு விரிகிற படங்கள் போனில் பாதிப் பாதியாகத்தான் வரும். பதினாறாம் தொகுதியின் பின்பாதியில், தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் அறைகள் தொங்குகிற அந்தக் கோட்டைக்குள் எல்லோரும் விழுவார்கள். அதைப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் விழுகிற உணர்வே வராது. புத்தகத்தை விரித்தால் வயிற்றில் ஒரு கூச்சம் வரும். அதை அவள் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தச் செட் அப்போதுதான் கண்ணில் பட்டது. கணக்குப் போட்டால் தொகுதிக்கு 150 ரூபாய். கோவையில் நான் வழக்கமாகப் போகிற கடையில் ஒரு தொகுதியை 400 ரூபாய்க்குக் கீழே பார்த்ததே இல்லை. ஆனால் 4.3 நட்சத்திரம் இருந்தது, நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் இருந்தன, பண்டிகைக் காலத் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். நம்பிவிட்டேன். பின்னால் அந்த மதிப்புரைகளைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன்: பேக்கிங் நன்றாக இருந்தது, சீக்கிரம் வந்தது, பரிசாகக் கொடுத்தேன், இவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். அச்சு எப்படி இருக்கிறது, உள்ளே படம் தெளிவாக இருக்கிறதா என்று ஒருவர்கூட எழுதவில்லை.

பெட்டியைப் பிரித்ததும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மை வாடை. தாள் ஜெராக்ஸ் தாள் போலப் பளீர் வெள்ளை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அக்கா மகள்தான் முதலில் பிடித்தாள். முதல் தொகுதியைத் திறந்து நாலைந்து பக்கம் புரட்டியிருப்பாள். "மாமா, இங்க பாருங்க, வானத்துல ஏன் அலை அலையா கோடு ஓடுது? நெசுகோ கிமோனோவுல கோலமே தெரியல."

வாங்கிப் பார்த்தேன். நெசுகோ தஞ்சிரோவின் தங்கை. அவள் போட்டிருக்கிற கிமோனோ என்கிற ஜப்பானிய அங்கி முழுக்கச் சணல் இலை வடிவத்தில் நெருக்கமான கோடுகள் இருக்கும். இதில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரக் கையால் தடவிய கோலப்பொடி மாதிரி மசங்கிக் கிடந்தன. இருட்டு வானத்தின் சாம்பல் நிறத்தில், குளத்தில் கல் போட்டது போல வளையம் வளையமாகக் கோடுகள். போனில் செயலியைத் திறந்து அதே பக்கத்தை எடுத்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். போனில் ஒரு கோடுகூடத் தப்பாமல் தெரிந்தது. ஐந்து அங்குல அகலத் தாளில் தெரியாதது உள்ளங்கை அகலத் திரையில் தெரிகிறது. அந்த நிமிஷம்தான் வயிறு கலங்கியது.

அந்த அலை ஏன் வருகிறது என்று சொல்கிறேன். போலியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மங்காவில் சாம்பல் நிறம் என்று ஒரு மை கிடையாது. கறுப்பு மை ஒன்றுதான். சாம்பலாகத் தெரிகிற இடமெல்லாம் சீரான இடைவெளியில் வைத்த பொடிப் பொடிக் கறுப்புப் புள்ளிகள். ஸ்க்ரீன்டோன் என்பார்கள். அசல் அச்சில் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கூர்மையாக விழும். போலி போடுகிறவர்கள் தரம் குறைந்த ஸ்கேனை எடுத்து அச்சுக்கு அனுப்புவார்கள். ஸ்கேனில் புள்ளிகள் கலங்கி நிஜமாகவே சாம்பலாகிவிடும். அச்சு இயந்திரம் அந்தச் சாம்பலைக் காட்ட மறுபடியும் தன்னுடைய புள்ளிகளைப் போடும். ஒரு புள்ளி வரிசை மேல் இன்னொரு புள்ளி வரிசை. இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள், அதே அலைதான்.

எழுத்திலும் இதைப் பார்க்கலாம். போன் கேமராவைப் பெரிதாக்கி வசன பலூனுக்குள் இருக்கிற ஓர் எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து கெட்டிக் கறுப்பாக, விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். போலியில் விளிம்பைச் சுற்றிப் புள்ளிகள் உதிர்ந்து கிடக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. புத்தகக் காட்சியிலோ பழைய புத்தகக் கடையிலோ வாங்கும்போது நின்ற இடத்திலேயே செய்து பார்க்கலாம்.

மறுநாள் கடைக்குப் போய் முதல் தொகுதியை மட்டும் 450 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டையும் மேசையில் வைத்ததும் அக்காவுக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. அவள் மங்கா பக்கமே போகாதவள். போலியின் அட்டை மெலிசு, கையில் எடுத்தால் தொளதொளவென்று வளைந்தது. முதுகில் இருக்கிற எழுத்து ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வோர் உயரத்தில் இருந்ததால் வரிசையாக அடுக்கினால் மேடு பள்ளமாகத் தெரிந்தது. வெட்டும்போது ஓரத்தை அதிகமாக வெட்டியிருக்கிறார்கள். வலது ஓரத்து பலூன்களில் வார்த்தையின் கடைசி எழுத்தே இல்லை. ஏழாம் தொகுதியை நடுவில் விரித்ததும் எட்டுப் பக்கம் கையோடு வந்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்கிய அந்தக் கோட்டைப் படம்? நடு மடிப்புக்குள் போய்விட்டது. விரித்தால் பசை விட்டுப்போகிறது, விரிக்காவிட்டால் படத்தின் நடுப்பகுதியே தெரியவில்லை.

என்னை நிஜமாகவே கோபப்படுத்தியது இருபத்து மூன்றாம் தொகுதி. இதழில் கதை முடிந்த பிறகு, புத்தகத்துக்கென்றே கொதோகே கூடுதலாகச் சில பக்கங்கள் வரைந்து சேர்த்தார். அத்தனை சாவுக்குப் பிறகு வாசகனுக்கு ஆறுதலாக வருகிற பக்கங்கள் அவை. போலியில் அவை இல்லை. அப்படியானால் இது அசல் புத்தகத்தின் படிகூட இல்லை, இணையத்தில் சுற்றுகிற இதழ் ஸ்கேனை இறக்கி அடித்தது. கதையை முதன்முதலாக இந்தச் செட்டில் படித்து முடிக்கிற ஒரு பிள்ளைக்கு முடிவு முழுசாகக் கிடைக்கவில்லை என்பதே தெரியாமல் போயிருக்கும். கொடுத்த பணத்தில் வரைந்தவருக்கும் ஒரு பைசா போகாது.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், பணம் திரும்பக் கிடையாது, பொருளை மாற்றித் தருவது மட்டும்தான் என்றது விதி. சாட்டில் வந்தவர் "சேதமடைந்த பொருள்" என்று பதிந்துகொண்டார். சேதம் இல்லை, போலி என்று மூன்று தடவை சொன்னேன். அப்படி ஒரு காரணமே அவர் பட்டியலில் இல்லையாம். ஆறு நாள் கழித்து இரண்டாவது செட் வந்தது. ஏழாம் தொகுதியில் ஒரு பக்கம் முதல் செட்டில் சாய்வாக அச்சாகியிருந்தது. இரண்டாவது செட்டிலும் அதே பக்கம், அதே சாய்வு. அந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்து எடுத்த படம்தான் பிற்பாடு எனக்குக் கை கொடுத்தது.

இப்படி மாட்டிக்கொண்டால் சாட்டிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருக்காதீர்கள். 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு இணையச் சந்தையும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய மின்னஞ்சல் அந்தத் தளத்தின் அடியில் எங்கேயாவது இருக்கும், தேடி எடுங்கள். அதோடு 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் ஒரே நாளில் செய்தேன். அசல் எழுத்து, போலி எழுத்து இரண்டையும் கேமராவில் பெரிதாக்கி எடுத்த படங்கள், வெட்டுப்பட்ட பலூன்கள், சாய்ந்த பக்கம், கடை ரசீது எல்லாவற்றையும் இணைத்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதையும் எழுதினேன். அதற்குப் பிறகுதான் "சேதமடைந்த பொருள்" என்பது "போலிப் பொருள்" என்று மாறியது. ஒரு விஷயம், பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. நீங்களே மாற்றி வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பத்து நாள் போனது.

சரி, எதற்கு வம்பு, டிஜிட்டலிலேயே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வேறொரு தொடரின் ஆறு தொகுதிகளை ஒரு சின்ன மின்னூல் கடையில் விலை கொடுத்து வாங்கியிருந்தேன். ஒரு நாள் கடையை மூடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது, ஒரு மாதத்தில் ஆறு தொகுதியும் போயின. கோப்பாக இறக்கி வைக்க வழியே கொடுக்கவில்லை. இது புதுசும் இல்லை. ஜப்பானியப் பதிப்பகங்கள் சேர்ந்து நடத்திய ஜேமங்கா தளம் 2013 மே மாதம் மூடப்பட்டபோது வாங்கியவர்கள் எல்லோரும் வாங்கிய மங்காவை இழந்தார்கள். 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் புத்தகங்கள் மறைந்தன, அங்கே பணத்தையாவது திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கு என்ற பொத்தானுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் படிக்கிற உரிமம் மட்டும்தான். அதனால் மாதச் சந்தாவில் படிப்பதை நான் தப்பாக நினைக்கவில்லை. வாடகை என்று தெரிந்துதான் கொடுக்கிறோம், படமும் தெளிவாக இருக்கிறது. தனித் தொகுதிக்கு முழுக் காசு கொடுத்து டிஜிட்டலில் வாங்குவதுதான் யோசிக்க வேண்டியது.

வைத்துக்கொள்வதற்கென்றால் அச்சுதான், ஆனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். ஊரில் கடை இல்லையென்றால் இணையத்தில் ஒரே ஒரு தொகுதி வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள். முழு செட் மட்டும்தான் தருவேன், தனியாகக் கிடையாது என்கிறவரிடம் போகவே வேண்டாம். அக்கா மகளுக்கு இப்போது மாதம் இரண்டு தொகுதி கடையிலிருந்து வாங்கித் தருகிறேன். ஐந்தாவது வரை வந்திருக்கிறாள். புதிதாக ஒன்று வந்ததும் முதல் வேலையாக என் போனை வாங்கி எழுத்தின் விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருகிறாள்.

புகாருக்குப் பிறகு அந்த விற்பனைப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் நேற்று இரவு அதே தளத்தில் அதே செட்டை வேறொரு விற்பனையாளர் பெயரில் பார்த்தேன், இப்போது 3,299 ரூபாய். பெயர்தான் வேறு, படம் அதேதான். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட படுக்கை விரிப்பு, அதன்மேல் புத்தகங்கள் விசிறி மாதிரி பரப்பியிருக்கும், இடது ஓரத்தில் ஒன்பதாம் தொகுதி தலைகீழாக இருக்கும். அந்த விரிப்பைப் பார்த்தால் வாங்காதீர்கள், புகார் பொத்தானை அழுத்துங்கள். நான் நேற்றே அழுத்திவிட்டேன்.