இரண்டு குர்து மீர்கள்: ரவாந்துஸ் முகமதுவும் போத்தான் பெதிர்கானும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசை மிரட்டிய குர்து மீர்கள், அதாவது குர்து இனச் சிற்றரசர்கள் என்றால் முதலில் வருவது இந்த இரண்டு பேர்தான்.

இன்றைய வட ஈராக்கில் இருக்கும் ரவாந்துஸின் மீர் முகமதுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. அதனால் 'மீர் கோர்' (குருட்டு மீர்) என்றே பெயர். மலைப்பள்ளத்தாக்கில் பட்டறை வைத்து, உள்ளூர்க் கொல்லர்களைக் கொண்டே பீரங்கி வார்த்தார். 1832இல் யஜீதிகள் என்ற சிறுபான்மை மதத்தவரைக் கொன்று குவித்தார். 1836இல் சுல்தானின் படை நெருங்கியதும் சரணடைந்தார். இஸ்தான்புல்லுக்குப் போனவர் ஊர் திரும்பவே இல்லை.

பெதிர்கான் வேறு மாதிரி. ஜிஸ்ரே நகரை மையமாக வைத்து, இன்றைய தென்கிழக்குத் துருக்கியில் இருக்கும் போத்தான் பகுதியை ஆண்டார். 1839இல் நிஸிப் போரில் எகிப்துப் படையிடம் உதுமானியர் தோற்றதும் அவர் கை ஓங்கியது. ஆனால் 1843இலும் 1846இலும் ஹக்காரிப் பகுதி அசிரியக் கிறித்தவர்கள் மீது அவர் படை நடத்திய படுகொலைகளை என்ன சொல்லியும் மூடி மறைக்க முடியாது. பிரிட்டனும் பிரான்சும் நெருக்க, 1847இல் பேரரசு படை அனுப்பியது. நெருங்கிய உறவினர் யெஸ்தான்ஷேரே எதிரணிக்குத் தாவினார். சரி, அப்புறம் என்ன? சரண், கிரீட் தீவுக்கு நாடுகடத்தல், கடைசியில் டமாஸ்கஸில் மரணம்.

ஆட்சித் திறமையில் பெரிய ஏற்றத்தாழ்வு எனக்குத் தெரியவில்லை. பெயர் நிலைத்ததில்தான் பெதிர்கான் முந்துகிறார், அதுவும் பிள்ளைகளால். மகன் மிக்தாத் 1898இல் கெய்ரோவில் முதல் குர்து செய்தித்தாளைத் தொடங்கினார். பேரன் ஜெலாதெத் 1932இல் டமாஸ்கஸில் லத்தீன் எழுத்தில் குர்து மொழி இதழ் நடத்தினார்.