டாமியா 35127 மெர்காவா: பெட்டியில் இருப்பது எந்த ஆண்டு வண்டி?

இஸ்ரேலின் மெர்காவா டாங்க்கை 1/35 அளவில் ஒட்டிச் செய்ய டாமியா நிறுவனம் 1980-களில் போட்ட பிளாஸ்டிக் மாடல் கிட் இது. இன்றும் கடை அலமாரிகளில் கிடைக்கிறது, புதிய கிட்களை விட மலிவு, பாகங்களும் குறைவு. அதனால் "முதல் இஸ்ரேலிய டாங்க் எதை வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் பலரும் இதைத்தான் கைகாட்டுகிறார்கள். பரிந்துரையில் தப்பில்லை. ஆனால் பெட்டியில் "மெர்காவா" என்று மட்டும் பார்த்துவிட்டு, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மெர்காவா படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். 1982 லெபனான் போருக்குப் போன தொடக்கக் கால மார்க் 1 (மெர்காவாவின் முதல் வகை) வேண்டுமானால் தாராளமாக வாங்கலாம். கொஞ்சம் உழைத்தால் அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளின் மார்க் 1-ஐயும் கொண்டுவரலாம். மார்க் 2 செய்கிற எண்ணம் இருந்தால் இந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

கையில் இருக்கும் படம் எந்த வகை வண்டியுடையது என்று தெரிந்துகொள்ள மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலில் டரட்டின் (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) பின்பக்கம். அங்கே சாமான் கூடை இருக்கும். அதன் அடியில் வரிசையாகச் சங்கிலிகள் தொங்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் இரும்புக் குண்டு இருந்தால் அது 1982 போருக்குப் பிறகான வண்டி. டரட்டும் ஹல்லும் (வண்டியின் அடிக்கூடு) சேரும் இடுக்கில் ஆர்பிஜி (தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குண்டு) வந்து பாய்வதைத் தடுக்க, முன்கூட்டியே அதை வெடிக்க வைக்கும் ஏற்பாடு அது. டாமியா கிட்டில் இந்தச் சங்கிலி கிடையாது. அதைக் குறை என்று எழுதுகிறவர்கள் உண்டு. குறை இல்லை, கிட் காட்டும் காலத்தில் வண்டியிலேயே அது இல்லை.

இரண்டாவது மோர்ட்டார் (குண்டை மேல்நோக்கி வீசும் குட்டைக் குழாய்). மார்க் 1-ல் 60 மிமீ மோர்ட்டார் டரட்டுக்கு வெளியே நிற்கும். மார்க் 2-ல் அது உள்ளே போய்விட்டது, குண்டு போடுவதும் சுடுவதும் உள்ளிருந்தே. வெளியே தெரிவது கூரையில் ஒரு துளை மட்டும்.

மூன்றாவது டரட்டின் கன்னமும், சக்கரங்களை மறைக்கும் பக்கவாட்டுத் தகடான ஸ்கர்ட்டும். மார்க் 1 டரட்டின் பக்கங்கள் வெறுமையாகச் சரிந்து போகும். 1983-ல் வந்த மார்க் 2-ல் முன்னும் பக்கமும் கூடுதல் கவசம் ஏறி, டரட் தடித்துத் தெரியும். ஸ்கர்ட்டும் வேறு. இந்த மூன்றில் ஒன்று மார்க் 1 போலவும் இன்னொன்று மார்க் 2 போலவும் இருந்தால் குழம்ப வேண்டாம். மார்க் 2-க்கு வந்த மாற்றங்களில் சிலவற்றைப் பழைய மார்க் 1 வண்டிகளுக்கும் பூட்டினார்கள். தாகோம் நிறுவனம் "மெர்காவா 1 ஹைபிரிட்" என்று தனிப் பெட்டி போட்டிருப்பது அந்த வண்டிக்குத்தான்.

பேரலில் ஒரு எச்சரிக்கை. 105 மிமீ எம்68 பீரங்கி சில படங்களில் வெறும் குழாயாகவும், சிலவற்றில் வெப்ப உறை போட்டும் இருக்கும். உலோக பேரல் வாங்குவதானால் முதலில் உங்கள் வண்டியின் படத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள். தலைகீழாகச் செய்தால் அழகான பேரல் ஒன்று டப்பாவில் தூங்கும்.

இனி கிட். பாகங்கள் பொருந்துவதில் டாமியாவின் பழைய பெயருக்குக் குந்தகமில்லை, இடைவெளி அடைக்கும் புட்டி டப்பாவைத் தேட வைக்காது. அளவு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: உண்மை வண்டியின் ஹல் நீளம் 7.45 மீட்டர், அகலம் 3.70 மீட்டர். 1/35-ல் அது சுமார் 213 மிமீ, 106 மிமீ.

பெரிய குறை ஒன்றே ஒன்று, அது கண்ணில் அறைகிற குறை. உண்மை வண்டியின் மேல்பரப்பில் வீரர்கள் வழுக்காமல் நடக்க மணல் மணலாக ஒரு பூச்சு இருக்கும். தள்ளி நின்று பார்த்தாலே தெரியும் சொரசொரப்பு அது. கிட்டின் மேல்பரப்போ கண்ணாடி போல வழுவழுப்பு. இதை அப்படியே பெயின்ட் அடித்தால் எவ்வளவு நன்றாக அடித்தாலும் பொம்மை போலத்தான் நிற்கும். புதிய கிட்களில் இந்தச் சொரசொரப்பை அச்சிலேயே வார்த்துவிடுகிறார்கள். பழையதற்கும் புதியதற்கும் விலை வித்தியாசம் எதற்கு என்று கேட்டால் பாதி பதில் இதுதான்.

கையால் செய்வது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பெரிய பாகங்களை ஒட்டி முடித்து, பிடிகள், விளக்குகள் போன்ற சின்னவற்றை ஒட்டுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். பூச்சு வராத இடங்களை முதலில் டேப் போட்டு மறையுங்கள்: இன்ஜின் கிரில், பெரிஸ்கோப் கண்ணாடி, கீல்கள், எரிபொருள் மூடி, ஸ்கர்ட். ஹேட்ச் (ஆள் ஏறி இறங்கும் மூடி) ஓரங்களிலும் தகடுகள் சேரும் இடத்திலும் மெல்லிய கோடாக வெற்றிடம் விட வேண்டும். அந்தக் கோடுதான் பார்ப்பவரை நம்ப வைக்கும். பிறகு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான ப்ரைமரை மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் விட்டுக் கொஞ்சம் கெட்டியாக்கி, முடி வெட்டிக் கட்டையாக்கிய பழைய பிரஷால் செங்குத்தாகக் குத்திக் குத்தி வையுங்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் கோடு விழும். உள்ளங்கை அளவுப் பரப்பை ஒரே மூச்சில் எடுக்காமல் தகடு தகடாகப் போங்கள். அரை ஈரத்திலேயே டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்த பின் உரித்தால் ஓரம் பிய்ந்து வரும். மறுநாள் 600 எண் உப்புத்தாளால் ஒரே ஒரு முறை லேசாகத் தடவினால் துருத்திக்கொண்டிருக்கும் முனைகள் மட்டும் போய்விடும்.

ஒரே பூச்சில் கனமாக வைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. அதில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கை மென்மையாக்கி, மெல்லிய தகடு குழிந்துவிடும். இரண்டு மெல்லிய சுற்று போதும். சமையல் சோடாவைத் தூவி ஒட்டும் வித்தை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம். ஈரம் பட்டால் பிற்பாடு வெள்ளை பூத்து, பெயின்ட் உப்பி வரும். கடையில் கிடைக்கும் ஆன்ட்டி-ஸ்லிப் பேஸ்ட் நல்லதுதான், ஆனால் டப்பாவிலிருந்து எடுத்தபடி பூசினால் மணல் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உண்மையில் 2 மிமீ உள்ள மணி 1/35-ல் 0.06 மிமீதான். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூட்டலாம், ரவை போல ஆகிவிடக் கூடாது.

டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) பழைய பாணி வினைல். பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட் இதில் பிடிக்காது. சூடாக்கிய ஸ்க்ரூடிரைவர் நுனியால் இணைப்பு முளைகளின் தலைகளை உருக்கி அழுத்த வேண்டும். உருக்கியது விட்டுவிட்டால் மெல்லிய செம்புக் கம்பியால் உள்பக்கம் தைத்துவிடுங்கள். இணைப்பு விழும் இடத்தை மேல் ஓட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டால் ஸ்கர்ட் மறைத்துவிடும். அதே காரணத்தால் இந்த வண்டிக்கு விலை உயர்ந்த உலோக டிராக் அவசியமா என்பதும் யோசிக்க வேண்டியது. பாதி டிராக் வெளியே தெரியவே போவதில்லை. அந்தப் பணத்தில் நல்ல டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் குறிகள்) வாங்கலாம். கடையில் பல ஆண்டு கிடந்த பெட்டியை வாங்கினால், வினைல் நேரடியாகப் பிளாஸ்டிக் பாகங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். தொட்ட இடத்தில் பிளாஸ்டிக் உருகிப் பள்ளம் விழும் வாய்ப்பு உண்டு.

மெர்காவா டிராக் முழுக்க எஃகு, ரப்பர் பேட் கிடையாது. எனவே தரையில் படும் முகடுகளில் உலோகப் பளபளப்பு வரலாம், மற்ற இடமெல்லாம் புழுதி. சக்கரங்களுக்கு ரப்பர் உண்டு. அதற்குச் சுத்தக் கறுப்பு அடிக்காதீர்கள், அடர் சாம்பல் போதும்.

1982-க்குப் பிந்தைய மார்க் 1 வேண்டுமென்றால் சங்கிலிகளை நீங்களே செய்ய வேண்டும். அங்குலத்துக்கு 40 கண்ணி வரும் மெல்லிய சங்கிலி போதுமானது. மாடல் கடையில் தேடி அலைய வேண்டாம், கவரிங் நகைக் கடையில் இதைவிட நல்லது கிடைக்கும். குண்டுகளுக்கு 1.5 முதல் 2 மிமீ வரையிலான உலோக மணிகள். கூடையின் கீழ்ச்சட்டத்திலும் டரட்டின் பின் ஓரத்திலும் 0.5 மிமீ துளைகள் போட்டு, மாடலை நேராக நிறுத்தி வைத்தே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, மேல் நுனியில் மட்டும் ஒரு துளி சூப்பர் க்ளூ. க்ளூ கூடினால் அது கண்ணி வழியாகக் கீழே இறங்கிச் சங்கிலியைக் குச்சியாக்கிவிடும், அப்புறம் அது காற்றில் பறப்பது போல நிற்கும். நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல, டரட்டின் அடி வளைவுக்கு ஏற்றபடி மாறும். படத்தைப் பார்த்து எண்ணி வெட்டுங்கள்.

நிறம் "சினாய் கிரே". பெயரில் கிரே இருந்தாலும் அது சாம்பலும் இல்லை, மணலும் இல்லை, லேசான பச்சை ஓடும் ஒரு நடுத்தர நிறம். கடைகளில் "சேண்ட் கிரே 73", "சினாய் கிரே 82" என்று இரண்டு பெயின்ட் பாட்டில்கள் இருக்கும். இந்த வண்டிக்கு இரண்டாவது. கலந்துகொள்வதானால் டாமியா எக்ஸ்எஃப்-57 பஃப் இரண்டு பங்கு, எக்ஸ்எஃப்-20 மீடியம் கிரே ஒரு பங்கு, பச்சைச் சாயலுக்கு எக்ஸ்எஃப்-51 சில சொட்டு. காய்ந்தபின் ஒரு படி இருண்டு தெரியும், அதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். மெர்காவாவில் இன்ஜின் முன்பக்கம், புகைபோக்கி வலப்பக்கம். கரியும் வெப்பக் கறையும் அங்கேதான் விழ வேண்டும். மற்ற டாங்க் செய்த பழக்கத்தில் பின்பக்கத்தைக் கறுப்பாக்கி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மற்ற பெட்டிகள் பற்றிச் சுருக்கமாக. தாகோம் மார்க் 1, மார்க் 2பி, மார்க் 2டி எனத் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. மார்க் 2டி என்பது டரட்டில் கழற்றி மாட்டும் கவசத் தொகுதிகள் ஏறிய வண்டி. 120 மிமீ பீரங்கி வேண்டுமானால் மார்க் 3-க்குப் போக வேண்டும். மெங் நிறுவனத்தின் மார்க் 3டி நல்ல தேர்வு. மார்க் 4-ஐக் கண்டுபிடிப்பது எளிது: டரட்டில் கமாண்டர் ஹேட்ச் மட்டும்தான், குண்டு நிரப்பும் லோடருக்கு ஹேட்ச் இல்லை. அதில் இருபக்கமும், வரும் ஏவுகணையைத் தடுக்கும் டிரோஃபி லாஞ்சரும் தட்டையான ராடார் பலகைகளும் இருந்தால் மார்க் 4எம்.

கடைசியாக டெக்கல். பழைய இருப்பில் டெக்கல் தாள் மஞ்சளாகியிருந்தால் கண்ணாடி சன்னலில் ஒரு வாரம் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். குறிகளுக்குப் பொருள் உண்டு, அழகுக்காகக் கலக்கக் கூடாது. பேரலைச் சுற்றிய வெள்ளை வளையங்களின் எண்ணிக்கை பட்டாலியனைச் சொல்லும். பக்கவாட்டு "வி" குறி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது அந்தப் பட்டாலியனுக்குள் எந்தக் கம்பெனி என்று சொல்லும். டரட்டில் கட்டும் துணியில் வரும் எண் கம்பெனிக்குள் எந்தப் பிளாட்டூன் என்பது, கூட வரும் ஆலெஃப், பெத், கிமெல் என்ற எபிரேய எழுத்து அந்தப் பிளாட்டூனில் எந்த டாங்க் என்பது. ஒரே வண்டியில் "வி" குறி இடப்பக்கம் ஒரு கம்பெனியும் வலப்பக்கம் வேறு கம்பெனியுமாக இருக்க முடியாது. நம்பர் பிளேட் கறுப்பில் வெள்ளை எண்கள், ஒரு முனையில் ராணுவத்தைக் குறிக்கும் "ட்ஸாதி" (צ) என்ற எபிரேய எழுத்து. முன்னும் பின்னும் ஒரே எண்தானா என்று டெக்கலை நீரில் நனைப்பதற்கு முன்பே சரிபாருங்கள்.